வேம்புலிக்கு விட்ட தனி

டில்லிபாபுவின் வலது கை முழங்கைக்குக் கீழே அவன் பேச்சைக் கேட்கவில்லை. சனிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பிடித்த கிரைண்டரை ஞாயிறு பகல் பன்னிரண்டுக்குத்தான் கீழே வைத்திருந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்புப் பட்டறை. அச்சிலிருந்து வரும் இரும்பின் ஓரப் பிசிறைத் தேய்த்து எடுக்கிற வேலை. காலை ஷிப்டுக்காரன் வரவில்லை. "இன்னும் நாப்பது பீசுதான் கீது, முடிச்சுட்டுப் போய்டு" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் நாஷ்டா துன்னப் போய்விட்டான். மிஷினை நிறுத்தினாலும் அதன் உதறல் கையைவிட்டு இறங்காது. எலும்புக்குள் வண்டு புகுந்த மாதிரி இரண்டு மூன்று மணி நேரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போய்க் குச்சியாக நின்றன.

சாப்பிடவில்லை. பட்டறைக் குழாயில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, லாக்கரில் வைத்திருந்த பேஞ்சோவை எடுத்துக்கொண்டு ஆவடிக்கு பஸ் ஏறினான். அங்கிருந்து வெள்ளானூருக்கு ஷேர் ஆட்டோ. அவன் வாசிக்கிற கானா செட்டில் பேஞ்சோ என்று சொன்னாலும் அது புல்புல்தாரா. மடியில் வைத்து வாசிக்கிற நீளப் பலகை. இடது கை டைப்ரைட்டர் மாதிரி இருக்கிற கட்டைகளை அழுத்தும், வலது கை ஒரு பிளாஸ்டிக் சில்லால் கம்பியைத் தட்டும். அந்த வலது கைதான் இன்றைக்கு வேண்டும். அதுதான் செத்துக் கிடந்தது.

இன்றைக்கு வேம்புலியின் பதினாறாம் நாள் காரியம். வேம்புலி அந்தச் செட்டில் டோலக் வாசித்தவன். நாற்பத்தாறு வயது. லேத்தில் நின்றுகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் படையல் முடிந்ததும் செட்டு உட்கார்ந்து பாட வேண்டும். செத்தவன் செட்டுக்காரன் என்பதால் கூலி கிடையாது, சோறு மட்டும்.

டில்லிபாபுவுக்குப் பாட்டைப் பற்றிக் கவலையில்லை. தனியைப் பற்றித்தான் கவலை.

கானாவில் ஒரு சரணம் முடிந்து அடுத்த சரணம் தொடங்குமுன் பாட்டுக்காரன் வாயை மூடிக்கொள்வான். அந்த இடைவெளியில் ஒரே ஒரு ஆள் எடுத்து வாசிப்பான். அதற்குப் பேர் தனி. இரண்டு சுற்று. அதற்கு மேல் கூடாது. யாருக்குத் தனி என்பதைப் பாட்டுக்காரன் தாடையை ஆட்டிக் காட்டுவான். அவன் வாசிக்கும்போது மற்றவர்கள் சத்தத்தை அடக்கி, அடிபோடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். தனி இடது பக்கமாகச் சுற்றிவரும். முடியாதவன் தன் வாத்தியத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் பக்கத்து ஆளைப் பார்த்தால் போதும், அது தாண்டிப்போகும்.

ஒருத்தனைச் செட்டிலிருந்து நீக்குவதற்கும் இதுவேதான் வழி. யாரும் வாயைத் திறந்து போ என்று சொல்லமாட்டார்கள். தனி அவனிடம் வரும்போது பாட்டுக்காரன் அவனைப் பார்க்காமல் அடுத்தவனைப் பார்ப்பான். ஒரு தடவை தாண்டினால் கோபம். இரண்டாவது தடவை எச்சரிக்கை. நடுவில் ஒரு தனி கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கு அழிந்துவிடும். மூன்றாவது தடவை தாண்டினால் வாத்தியத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பிறகு அவனைப் பக்கத்து ஏரியா செட்டுகூடச் சேர்த்துக்கொள்ளாது.

பாட்டுக்காரன் உத்தமன் டில்லிபாபுவை இரண்டு தடவை தாண்டியாகிவிட்டது.

உத்தமனுக்கு அவன் மேல் வந்த ஆத்திரம் ஒரு வீடியோவால் வந்தது. போன மாதம் பூந்தமல்லியில், மெட்ரோ வேலைக்காகத் தெருவைத் தகரம் அடித்து மறைத்திருந்த ஒரு சாவு வீட்டில், எவனோ செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். போனைப் பார்த்ததும் டில்லிபாபுவுக்குக் கை நிற்கவில்லை. இரண்டு சுற்று வாசிக்க வேண்டியவன் நான்கு சுற்று வாசித்தான். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். எவனோ ஒரு ஸ்டுடியோக்காரன் போன் போட்டு, "அந்த பேஞ்சோ அண்ணன் மட்டும் வேணும்" என்றான். அப்புறம் அந்த ஸ்டுடியோக்காரன் போனையே எடுக்கவில்லை என்பது வேறு விஷயம். உத்தமனின் தலை அந்த வீடியோவில் பாதிதான் தெரிந்தது. அதுவும் காதுப் பக்கம்.

உத்தமனுக்கு அது போதும். அடுத்த சாவில் முதல் தடவை தாண்டினான். வேம்புலி செத்த அன்றைக்கே, பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டாவது தடவை தாண்டினான்.

வெள்ளானூரில் இறங்கும்போது மணி இரண்டரை. புது பிளாட்டுகளுக்கு நடுவில் மிச்சமிருந்த காலனித் தெரு. ஷாமியானா போட்டிருந்தார்கள். படையல் முடிந்து, சாப்பிட்ட இலைகளை ஒரு நாய் இழுத்துக்கொண்டிருந்தது. செட்டு ஏற்கனவே ஜமக்காளத்தில் வட்டமாகக் குந்தியிருந்தது. உத்தமன் நடுநாயகமாக வெள்ளைச் சட்டையில் இருந்தான். தண்ணீர் கேன் சப்ளை செய்கிறவன், கையில் காய்ப்பு இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை முதலாளி மாதிரி உட்காருவான். அவனுக்கு இடது பக்கம் டேப் மேளத்தோடு சண்முகசுந்தரம், ஆவடி டேங்க் பேக்டரியில் ஓய்வு பெற்றவர். அடுத்து செல்வகுமார், உத்தமனின் காலிக் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு வாசிக்கிறவன். அவனுக்கு அடுத்து ஆள் இல்லை. வேம்புலியின் டோலக் மட்டும் மாலை போட்டு வைக்கப்பட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் குந்துகிற இடம் காலியாக இருந்தது.

டில்லிபாபு அங்கே போய் உட்கார்ந்தான். யாரும் தலையைத் தூக்கவில்லை.

"இன்னா செல்வா, ஆரமிச்சிட்டீங்களா?"

செல்வகுமார் கேனின் அடியைத் துடைத்தான். உத்தமன்தான் பேசினான், ஆனால் செல்வகுமாரைப் பார்த்து.

"பெரிய ஆர்ட்டிஸ்ட்டு வர்ற வரிக்கும் செத்தவன் காத்துகினு கெடப்பானா செல்வா?"

"டபுள் டூட்டி" என்றான் டில்லிபாபு. "சோறுகூட துன்னல."

"ஸ்டுடியோவுல போடுவாங்க பிரியாணி" என்றான் உத்தமன், இப்போதும் செல்வகுமாரிடம்.

பதில் சொன்னால் அந்தச் சாக்கிலேயே எழுப்பிவிடுவான் என்று டில்லிபாபுவுக்குத் தெரியும். பேஞ்சோவை மடியில் வைத்து, மரத்த விரல்களைத் தொடையில் போட்டுத் தேய்த்தான். சில்லைப் பிடித்தான். நழுவியது. மறுபடியும் பிடித்தான். இன்றைக்குத் தாண்டினால் மூன்று. பதினெட்டு வருஷமாக வாரத்தில் ஆறு நாள் இரும்புத் தூளைத் தின்றுவிட்டு ஏழாம் நாள் அவன் மனுஷனாக உட்கார்ந்த இடம் இந்த ஜமக்காளம் ஒன்றுதான். அதிலிருந்து இறங்கினால் ஏழு நாளும் கிரைண்டர்தான்.

உத்தமன் குரலெடுத்தான்.

"வாடக ஊட்டுல வந்து குந்துனவனே
எந்தச் செவுத்துக்கு வெள்ள அடிக்கிற..."

குரலில் குறை சொல்ல முடியாது. வெறுக்கிறவனுக்கும் மயிர் சிலிர்க்கிற குரல். முதல் சரணம் முடிந்ததும் சண்முகசுந்தரத்தைப் பார்த்துத் தாடையை ஆட்டினான். அவர் இரண்டு சுற்று டேப்பை உருட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். இரண்டாவது சரணத்துக்குப் பிறகு செல்வகுமார். கேன் காரமாகப் பேசியது. மூன்றாவது சரணம் போய்க்கொண்டிருக்கும்போது டில்லிபாபு உத்தமனின் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அடுத்த ஆள் அவன்தான். வேறு யாரும் இல்லை. கொடுப்பானா, தாண்டுவானா.

சரணம் முடிந்தது. உத்தமன் இந்தப் பக்கமாகத் தாடையை ஆட்டினான்.

டில்லிபாபுவின் கை தானாகப் பாய்ந்தது. கம்பி கூவியது.

இரண்டாவது தட்டிலேயே அவனுக்கு ஏதோ தப்பு என்று உறைத்துவிட்டது. அடி விழவில்லை. சண்முகசுந்தரம் ஒற்றை விரலால் டேப்பைத் தொட்டுக்கொண்டிருந்தார், அந்த விரலும் நின்றுவிட்டது. செல்வகுமார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டான். ஷாமியானாவுக்கு அடியில் பெண்கள் பக்கம் பேச்சு அறுந்தது. அப்போதுதான் பக்கத்தில் இருந்த டோலக்கின் மாலை கண்ணில் பட்டது.

காலித் தனி. செட்டில் ஒருத்தன் செத்தால் அவன் காரியத்தன்று அவன் வாத்தியத்தை அவன் இடத்திலேயே வைத்து, அவனுக்கும் ஒரு தனி விடுவார்கள். யாரும் வாசிக்கமாட்டார்கள். மற்றவர்கள் ஒற்றை விரலில் அடி மட்டும் காட்டுவார்கள். இரண்டு சுற்று நேரம் வெறுமனே போகும், அது செத்தவன் வாசித்தது என்று கணக்கு. எப்போதும் கடைசிப் பாட்டில்தான் விடுவார்கள். இன்றைக்கு முதல் பாட்டிலேயே என்று முடிவு செய்திருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவனோடுதான் யாரும் பேசுவதில்லையே, அவனுக்கு யார் சொல்வது.

நிறுத்தவும் முடியாது. தொடங்கிய தனியை நடுவில் விடுவது பாடையைப் பாதித் தெருவில் இறக்கிவைத்துவிட்டு ஓடுவது போல. டில்லிபாபு இரண்டு சுற்றையும் வாசித்தான். அடி போட ஒரு ஆள் இல்லாமல், மரத்த கையில், செத்தவனின் நேரத்துக்குள் உட்கார்ந்து வாசித்தான். கம்பிச் சத்தம் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது. முடிந்ததும் சில்லைக் கீழே வைத்தான்.

"சோக்கா கீது" என்றான் உத்தமன். முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தான். "எவனாச்சும் போன்ல புடிச்சீங்களா? செத்தவன் தனியத் துன்னவன்னு போடுங்க. நாலு லட்சம் போவும்."

"நீ என்னப் பாத்துதான் ஆட்டுன."

"நான் டோலக்கப் பாத்தேன். நீ எப்பவும் உன்னத்தான் பாக்கறாங்கன்னு நெனச்சினு கீற, அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?"

"மொதப் பாட்டுல காலித் தனின்னு எவன் எங்கிட்ட சொன்னான்?"

"நேரத்துக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"வந்தப்பறம் வாயில கொழுக்கட்டயா வெச்சினு இருந்தீங்க? செல்வா, நீ சொல்லு. நான் வந்து குந்தச்சொல்ல ஏன் சொல்லல?"

செல்வகுமார் உத்தமனைப் பார்த்தான். செல்வகுமார் வீட்டில் மாதம் இருபது கேன் உத்தமனிடம் கடனில் ஓடுகிறது. "எனக்கு இன்னா தெரியும் மாமே" என்றான்.

"வேணும்னே டோலக்க என் பக்கத்துல வெச்சிகீறான்" என்றான் டில்லிபாபு.

"அவன் எடம் அதுதான்டா பொறம்போக்கு. பன்னெண்டு வருசமா உன் பக்கத்துலதான் குந்தினு இருந்தான். அதுகூட உன் கண்ணுல படல."

அது தைத்தது. டில்லிபாபு எழுந்திருக்கப் பார்த்தான். சண்முகசுந்தரம் டேப்பின் விளிம்பில் நகத்தால் தட்டினார். "பாட்ட முடிங்கடா மொதல்ல. பாதில கெடக்குது. அப்பால அட்ச்சுக்குங்க."

உத்தமன் மீண்டும் பாடினான். நாலாவது சரணம். கண்ணை மூடிக்கொண்டு பாடினான். சரணம் முடிந்து இடைவெளி வந்தது. இப்போது தனி டில்லிபாபுவுக்கு வர வேண்டும். உத்தமன் கண்ணைத் திறந்து, டில்லிபாபுவின் தலைக்கு மேலே ஷாமியானாவின் கம்பத்தைப் பார்த்தான். பிறகு சண்முகசுந்தரத்தைப் பார்த்துத் தாடையை ஆட்டினான். அவர் வாசித்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாசித்தார்.

மூன்று.

பாட்டு முடிந்தது. உத்தமன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். டில்லிபாபு துணியை விரித்தான். பேஞ்சோவை அதன் மேல் வைத்தான். முடிச்சுப் போட மரத்த விரல் இடம் கொடுக்கவில்லை. அவன் தடவிக்கொண்டிருப்பதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதவ ஒருத்தன் கை நீட்டவில்லை.

"எங்க கெளம்பற?"

வேம்புலியின் மனைவி முனியம்மா. அம்பத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து ஜமக்காளத்தின் ஓரத்தில் நின்றாள். பதினாறு நாளில் முகம் ஒட்டிப்போயிருந்தது. அழுதுகொண்டில்லை.

"மூணு ஆச்சு அண்ணி. கெளம்பறேன்."

"எம் புருசன்து எங்க?"

டில்லிபாபுவுக்குப் புரியவில்லை.

"அவருக்குன்னு உட்ட தனிய நீ எடுத்துக்கினு வாசிச்ச. அத்தக் குடுக்காம எங்க போற? தூக்கினு ஓடப் பாக்கறியா?"

உத்தமன் சிரித்தான். "உடு முனிம்மா. ஒயியட்டும் அவன். அடுத்த பாட்டுல நான் வேம்புலிக்கு வேற உடறேன்."

"நீ உடறது உன்னுது. இவன் எடுத்தது அவரோடது. இவன்தான் குடுக்கணும்." அவள் சண்முகசுந்தரத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, எடுத்தவன் இன்னா பண்ணணும்? அவரு ஊட்ல சொல்லி நான் கேட்டுகீறேன். நீங்க சொல்லுங்க."

சண்முகசுந்தரத்துக்கு இதில் மாட்டிக்கொள்ள இஷ்டமில்லை. மூக்கைச் சொறிந்தார். "அடுத்தவன் தனிய தெரியாமலோ தெரிஞ்சோ எடுத்துட்டா, தனக்கு வர்ற தனில கைய கட்டிகினு சும்மா குந்தணும். அது அவன்கிட்ட திரும்பிப் போச்சுன்னு அர்த்தம்."

"தனக்கு வரணும்ல, அப்பதான?"

"வரணும்."

"பாக்கி வெச்சவன தாண்டலாமா?"

அவர் உத்தமனைப் பார்க்காமல் பேசினார். "தாண்டக் கூடாது. பாக்கிக்காரன தாண்டுனா அந்தத் தாண்டல் கணக்குல வராது. அவன் குடுத்து முடிக்கிற வரிக்கும் செட்ட உட்டுப் போவவும் கூடாது, போகச் சொல்லவும் கூடாது."

டில்லிபாபு முடிச்சிலிருந்து கையை எடுத்தான். அவனுக்கு மெதுவாக விளங்கியது. உத்தமன் அவனைத் துரத்த வேண்டுமென்றால் முதலில் ஒரு தனி கொடுக்க வேண்டும். ஒரு தனி கொடுத்துவிட்டால் முன்னால் தாண்டினதெல்லாம் அழிந்துபோகும், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். கொடுக்காவிட்டால் பாக்கி நிற்கும், பாக்கி நிற்கிற வரைக்கும் அவனை அசைக்க முடியாது. உத்தமனுக்கும் அது விளங்கியிருந்தது.

"இவனுக்குப் பரிஞ்சுகினு வர்றியா நீ?" என்றான் முனியம்மாவிடம்.

"பரிஞ்சுகினு வர்றதுக்கு இவன் இன்னா என் கூடப் பொறந்தவனா? இவன் நல்லவன்னு நான் சொன்னனா? கடங்காரன்னு சொல்றேன்." டில்லிபாபுவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் மருந்துக்கும் இல்லை. "செட்டுக்காரங்கள்ல சாவுக்கு மால வாங்கியாராத ஒரே ஆளு நீதான். எனக்கு எல்லாம் தெரியும்."

அதுவும் உண்மைதான். அன்றைக்கும் டபுள் டூட்டி.

"இப்ப குடுக்கறேன் அண்ணி" என்றான் டில்லிபாபு. "அடுத்த பாட்டு எடுக்கச் சொல்லுங்க. நான் கையக் கட்டிக்கறேன்."

"எடுண்ணே" என்றாள் முனியம்மா உத்தமனைப் பார்த்து.

உத்தமன் துண்டை உதறித் தோளில் போட்டான். "தொண்ட கட்டிகிச்சு. இன்னிக்கு அவ்ளோதான்."

"ஒரே பாட்டுக்கா?" என்றார் சண்முகசுந்தரம்.

"ஒரே பாட்டுக்குத்தான். எவனாலன்னு எல்லாருக்கும் தெரியும்." எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினான். இவனுக்கு ஒரு தனி கொடுப்பதைவிடச் செத்தவனை ஒரு பாட்டோடு அனுப்புவது மேல் என்று அவன் முடிவு செய்துவிட்டான். பாட வந்தவன் பதினாறாம் நாளில் ஒரே பாட்டோடு எழுந்தது வெள்ளானூரில் அதுதான் முதல் தடவை. பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது.

டில்லிபாபு பேஞ்சோவைத் துணியில் சுற்றினான். இந்தத் தடவை பல்லால் கடித்து முடிச்சை இழுத்தான்.

"அடுத்தது எங்க?" என்று கேட்டான்.

செல்வகுமார் கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"கேக்கறேன்ல. பாக்கிக்காரன் கேக்கறேன். எங்க, எத்தினி மணி?"

உத்தமன் டோலக்கின் மாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், வார்த்தையை எச்சில் மாதிரித் துப்பி. "வேப்பம்பட்டு. ஞாயித்துக்கெயம. மூணு மணி."

"வர்றேன்."

"வா. வந்து குந்து. வருசம் பூரா வா. உனக்குத் தனி எப்ப குடுக்கறதுன்னு எனக்குத் தெரியும். ஒரு தனி பாக்கி வெச்சினு கெழவனாயி சாவு."

"ரெண்டு" என்றாள் முனியம்மா.

இருவரும் திரும்பினார்கள்.

அவள் ஜாக்கெட்டிலிருந்து போனை எடுத்தாள். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. பூந்தமல்லி வீடியோவை ஓடவிட்டு டில்லிபாபுவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். மூன்றாவது சுற்று தொடங்குகிற இடத்தில் நிறுத்தினாள். எத்தனை தடவை பார்த்திருந்தால் அந்த இடத்தில் சரியாக விரல் வைக்க முடியும். படத்தில் டில்லிபாபு தலையைச் சாய்த்து வாசித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு இடம் மாறி அவனுக்கு அடுத்த ஆளாக உட்கார்ந்திருந்த வேம்புலி இரண்டு கையையும் டோலக்குக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, தன் தனிக்காகக் காத்திருந்தான். அவள் மீண்டும் தட்டினாள். மூன்றாவது சுற்று, நான்காவது சுற்று. நான்காவதன் பாதியில் வேம்புலியின் கைகள் இறங்கி, பேசாமல் அடி போடத் தொடங்கின.

டில்லிபாபுவுக்கு அது தெரியாமல் இல்லை. அன்றைக்கு பைக்கில் திரும்பும்போது வேம்புலி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "நல்லா வாசிச்ச மச்சான். என்னுதையும் சேத்து வாசிச்சுட்ட." அடுத்த வாரம் கையைக் கட்டிக்கொண்டு திருப்பிவிடலாம் என்றுதான் டில்லிபாபு இருந்தான். அடுத்த வாரம் உத்தமன் தாண்டிவிட்டான். அதற்கடுத்த வாரம் வேம்புலியே இல்லை. ஆளே போனபிறகு யார் கேட்கப்போகிறார்கள் என்று அவனும் வாயை மூடிக்கொண்டான்.

"அவரு இருந்தப்ப ஒண்ணு, போனப்பறம் ஒண்ணு" என்றாள் முனியம்மா. "நீ உன் வாயால சொல்லு. எத்தினி?"

"ரெண்டு தனி" என்றான் டில்லிபாபு. "வேம்புலிக்கு நான் ரெண்டு தனி பாக்கி."